தெருக் குழுவைப் பூட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் படித்தேன். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை பெருகிவிட்டது, அதனால் அட்மின் மட்டும் செய்தி போடும்படி எல்லாக் குழுக்களையும் மாற்றிவிட வேண்டும், மற்றவர்கள் படித்துக்கொண்டால் போதும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய சலிப்பு எனக்குப் புரிகிறது. அவர் சொன்னதை நான் செய்தே பார்த்துவிட்டேன். பதினெட்டு நாள் எங்கள் தெருக் குழுவைப் பூட்டி வைத்திருந்தேன். அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேலத்தில் சின்னதிருப்பதிப் பக்கம் குடியிருக்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். ராத்திரியில் ஏற்காட்டுப் பாதையில் வண்டி வெளிச்சம் வளைந்து வளைந்து ஏறுவதும் தெரியும். எங்கள் தெருவில் 43 வீடு. குழுவில் 61 பேர். தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லிக்கொள்வதற்காக 2017-ல் தொடங்கிய குழு. "அக்கா, நீங்கதான் காலம் பூரா போன்லயே இருந்தவங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று அட்மின் வேலையை என் தலையில் கட்டினார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். 1983-ல் சேலம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் போன் பேச்சுகளைக் கையால் பிளக் செருகி இணைத்துக் கொடுக்கிற ஆபரேட்டராகச் சேர்ந்தேன். டிரங்க் போர்டு போன பிறகு பில் கவுன்ட்டர், புகார்ப் பிரிவு என்று மாறி மாறி உட்கார்ந்து, 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். அன்றைக்கு ஒரே நாளில் நாடு முழுக்க பி.எஸ்.என்.எல்.லில் இருந்து 78,000 பேருக்கு மேல் வெளியே வந்தோம்.

சண்டை எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் காவிரித் தண்ணீர், மேட்டூரிலிருந்து வருவது. எந்த நாள் வரும் என்று ஏறக்குறையத் தெரியும். எத்தனை மணிக்கு என்றுதான் தெரியாது. ராத்திரி பத்தரைக்கும் வரும், விடியற்காலை மூன்றரைக்கும் வரும். தெரு மேட்டிலிருந்து பள்ளமாக இறங்குகிறது. பள்ளத்து வீடுகளில் குழாய் இருமி, காற்றைக் கக்கி, சொட்ட ஆரம்பித்ததும் அவர்கள் குழுவில் "வந்தாச்சு" என்று போடுவார்கள். மேட்டு வீடுகளுக்கு ஏறி வர இருபது நிமிடம் ஆகும். அதற்குள் அவர்கள் எழுந்து குடத்தை அலசி வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் 61 பேரும் குழுவில் இருக்கிறார்கள். நடுவில் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் மேட்டுக்குச் சொட்டு ஏறாது. அப்படி உறிஞ்சுவது சட்டப்படியும் தப்பு. எங்கள் தெருவில் மோட்டார் என்ற சொல்லை யார் எடுத்தாலும் இரண்டு வீட்டுக்காவது சுருக்கென்று தைக்கும்.

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை ராத்திரி. மேட்டு வீட்டுப் பையன் ஒருவன், ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன், "தண்ணி ரொம்பக் கம்மியா வருது, மோட்டார் போட்டுக்கலாமா?" என்று கேட்டான். கேட்டதில் தப்பில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. யார் எது கேட்டாலும் முதல் பதில் அவரிடமிருந்துதான் வரும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்; பேரன் அப்படிப் பழக்கிவிட்டான். அவர் "மோட்டார் போட" என்று தட்டியதுமே விரல் பட்டு அது குழுவுக்குப் போய்விட்டது. சரி, மிச்சத்தை அடுத்ததாக அனுப்பலாம் என்று "கூடாது" என்று தட்டி அனுப்பினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வீட்டு வைஃபை நின்றுவிட்டது. சார் அது போய்விட்டது என்றே நினைத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ஆங்கில எழுத்தில் "போட" என்று எழுதினாலும் "போடா" என்று எழுதினாலும் அதே நான்கு எழுத்துதான். பையன் கண்ணுக்குப் பட்டது "மோட்டார், போடா".

"கூடாது" வந்து சேரப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. நடுவில் 37 செய்திகள். பையனுடைய அப்பா "உங்க வயசுக்கு நாங்க மரியாதை கொடுக்கறோம், நீங்களும் கொடுத்துப் பழகுங்க" என்றார். யார் வீட்டில் மோட்டார் ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாதா என்று ஒருவர். இரண்டு வருடத்துக்கு முன் வெட்டின மாமரக் கிளையை ஒருவர் மறுபடி எடுத்தார். நல்ல மல்கோவா மரம் அது, பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்திருந்தது. அந்தப் பேச்சு இன்றைக்கும் ஆறவில்லை. கடைசியில் கரண்ட் வந்து, முப்பத்தெட்டாவதாக அந்த "கூடாது" ஒற்றையாக வந்து விழுந்தது. அதையும் யாரும் சரியாகப் படிக்கவில்லை. "எது கூடாது? நாங்க பேசவே கூடாதா?" என்று ஒரு அம்மா கேட்டார். சண்டை இரண்டாவது சுற்றுக்குப் போனது.

டிரங்க் போர்டில் இருந்த ஒருத்திக்கு இதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் சேலத்திலிருந்து ஒரு காபி எஸ்டேட்டுக்கு லைன் கேட்டால், மழைக்காலத்தில் பாதி வார்த்தைதான் மலை ஏறும். மீதி இரைச்சல். "ஆள் அனுப்ப..." என்று கேட்கும், அனுப்பவா, அனுப்ப வேண்டாமா என்பது அறுந்துபோகும். அதற்காக யாரும் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. "கேக்கலீங்க, லைன் சரியில்ல, இன்னொருக்கா சொல்லுங்க" என்பார்கள். லைன் அறுந்தது இரண்டு பக்கமும் காதுக்கே தெரியும். இங்கே அப்படித் தெரிவதில்லை. அறுந்துபோன பாதி, முழுப் பேச்சு மாதிரி நேரம் போட்டு, டிக் போட்டு, நிமிர்ந்து நிற்கிறது. "இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் "ங்க" இல்லாமல் பேச்சே இல்லை. "சரிங்க", "வாங்க", "இல்லீங்க". சின்னப் பிள்ளையிடம் கோபமாகப் பேசினாலும் அது ஒட்டிக்கொண்டுதான் வரும். போனில் தட்டும்போது சோம்பலில் முதலில் விழுவது அந்த இரண்டெழுத்துதான். நேரில் "சரிங்க சார்" என்று தலையாட்டுகிற அதே தம்பி, குழுவில் "சரி" என்று மட்டும் போடுகிறான். படிக்கிறவருக்கு அது முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி இருக்கிறது. இதனால் வந்த மனஸ்தாபங்களை மட்டும் எழுதினாலே ஒரு நோட்டு நிறையும்.

சரி, அன்று ராத்திரிக்கு வருகிறேன். மணி 11.40. எனக்குத் தலை வலித்தது. யாரோ ஒருவருடைய மனைவியைப் பற்றி ஒரு சொல் வரப்போகிறது என்று பயந்தேன். 2018-லேயே வந்த வசதி ஒன்று இருக்கிறது, அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுவது. அதைத் தொட்டுவிட்டேன். ஒரு நொடியில் எல்லாம் அடங்கியது. வெட்கத்தோடு சொல்கிறேன், அப்பாடா என்று இருந்தது.

காலையில் வங்கி சார் எழுந்து பார்த்திருக்கிறார். தான் சொன்னது என்ன, தெரு படித்தது என்ன என்று அவருக்குப் புரிந்தபோது பதில் சொல்ல வழியில்லை. குழு பூட்டிக்கிடந்தது. எனக்குத் தனியாக எழுதினார்: "நான் எழுதினது மோட்டார் போடக் கூடாது. என் வாழ்நாளில் யாரையும் போடா என்று சொன்னதில்லை. தயவுசெய்து இதைக் குழுவில் போடுங்கள்." நான் போடவில்லை. ஆறட்டும், இப்போது கிளறினால் மறுபடி கிளம்பும் என்று நினைத்தேன். மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டுக் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

டிரங்க் போர்டில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, பேச்சு நடக்கும்போது பிளக்கை உருவக் கூடாது என்பது. மூன்று நிமிடம் முடிந்தால் குறுக்கே வந்து "மூணு நிமிஷம் ஆச்சுங்க, தொடரலாமா?" என்று கேட்கலாம். அவ்வளவுதான். அண்ணன் தம்பி சொத்துச் சண்டை, கல்யாணம் நின்றுபோன பேச்சு, அழுகை, எல்லாம் காதில் விழும். சாதாரண டிரங்க் காலைவிட எட்டு மடங்கு காசு கட்டி, உடனே லைன் கிடைக்கிற லைட்னிங் கால் போட்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டவர்கள் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று ஆபரேட்டர் நினைக்கலாம், ஆனால் கையை பிளக்கில் வைக்கக் கூடாது. இந்த வேலையைப் பல வருடம் ஒழுங்காகச் செய்தவள் நான். நவம்பர் 14 ராத்திரி 61 பேருடைய பிளக்கையும் ஒரே இழுப்பில் உருவிவிட்டேன்.

அடுத்த சில நாள் பாராட்டு மழை. "இப்பதான் நிம்மதியா இருக்குதுங்கக்கா" என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். பள்ளத்து வீட்டிலிருந்து எனக்கு போன் வரும், நான் குழுவில் "வந்தாச்சு" போடுவேன். இரண்டு தடவை அந்த போன் எனக்குக் கேட்கவில்லை, அசந்து தூங்கிவிட்டேன். ஒரு தடவை மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் போயே போய்விட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடலுக்கு இவ்வளவு தூரத்தில் இருக்கிற எங்களுக்கு என்ன வந்துவிடும் என்று இருந்தோம். டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை பூராவும் விடாமல் பெய்தது. மறுநாள் காலை வரையிலான கணக்கில் ஏற்காட்டில் மட்டும் 20 சென்டிமீட்டருக்கு மேல். மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போக்குவரத்து நின்றது. மலையில் பெய்வது எங்கள் பக்கம் ஓடைகள் வழியாக இறங்கித்தான் ஆக வேண்டும். தெருக்கோடி மதகில் தென்னை மட்டையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் கடைசி வீட்டுக்குள் புகுந்தது.

அந்த வீட்டுக்காரர் தட்டுவடை போடுகிறவர். சேலத்துத் தள்ளுவண்டிகளில் நீங்கள் சாப்பிடுகிற தட்டுவடை செட்டுக்கு அடியிலும் மேலேயும் இருக்கிற தட்டுவடை இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் போகிறது. திங்கட்கிழமை எட்டு வண்டிக்குக் கொடுக்க வேண்டியதைப் பொரித்து, பெரிய பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தரையில் அடுக்கி வைத்திருந்தார். பச்சரிசி மாவு இரண்டு மூட்டை. வீட்டில் அவரும் மனைவியும், படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாத அம்மாவும். முதலில் கட்டிலைத்தான் பார்த்திருக்கிறார்கள். கொல்லையில் கிடந்த செங்கல்லை எடுத்து வந்து, அவர் கட்டில் காலைத் தூக்க, அவர் மனைவி செங்கல்லைத் தள்ளி வைக்க, ஒவ்வொரு காலுக்கும் மூன்று செங்கல். பாட்டி கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் எனக்குச் செய்தி போட்டிருக்கிறார். 2.10-க்கு: "அக்கா வீட்டுக்குள்ள தண்ணி. ஆளுங்கள வரச் சொல்லுங்க." 2.25-க்கு ஒரு போட்டோ, இருட்டில் ஒன்றும் தெரியாத போட்டோ. 2.40-க்கு மிஸ்டு கால். தெரிந்த இரண்டு நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. கூப்பாடு போட்டார், மழை இரைச்சலில் பக்கத்து வீட்டுக்கே கேட்கவில்லை.

என் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. நான் பார்த்தது 5.05-க்கு.

பார்த்ததும் குழுவைத் திறந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் பதினோரு பேர் மண்வெட்டியோடும் கடப்பாரையோடும் கடைசி வீட்டு வாசலில் நின்றார்கள். அந்த ஐ.டி. பையன்தான் முதல் ஆள். மதகுக்குள் இடுப்பளவுக்கு இறங்கி மட்டையை இழுத்துப் போட்டான். ஏழு மணிக்குத் தண்ணீர் வடிந்துவிட்டது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாவு போச்சு, தட்டுவடை போச்சு, மூன்று வாரத்துக்கு அவருக்கு வியாபாரம் இல்லை.

அன்று மத்தியானம் குழுவில் கணக்கெடுத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் தெருக்காரர்களில் ஆறு பேர் விழித்திருந்திருக்கிறார்கள். மழைக்குப் பயந்து மூன்று பேர். ஒரு நர்ஸ், டியூட்டியிலிருந்து வர முடியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தவர். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு பேர். எல்லார் கையிலும் போன் இருந்தது. குழு திறந்திருந்தால் 2.11-க்கே தெரிந்திருக்கும். "உங்கள யாருங்க பூட்டச் சொன்னா?" என்று ஒரு அம்மா கேட்டார். அந்தச் செய்தியை நான் நீக்கவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. தட்டுவடைக்காரர் மட்டும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "வேற யாருக்குப் போடறதுன்னு தெரியலீங்கக்கா" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் வாசகர் சொல்லலாம்: அது ஏதோ ஒரு நாள் வந்த புயல், அதற்காகத் தினமும் சண்டையைச் சகித்துக்கொள்ள முடியுமா என்று. புயல் இல்லாத நாளில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். இது என் தப்பு.

2018 ஏப்ரல், மே மாதங்கள் நினைவிருக்கும். வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று குரல் பதிவுகள் ஊர் ஊராகச் சுற்றின. எனக்கும் ஒன்று வந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவாள். எனக்குக் கை நடுங்கியது. நம் தெருவில் இத்தனை குழந்தைகள் இருக்கிறதே என்று, ஒரு வார்த்தை விசாரிக்காமல் குழுவில் போட்டுவிட்டேன். அட்மின் போட்டதாயிற்றே, எல்லாரும் நம்பினார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கெழுதுகிற தம்பி ஒருவன் மட்டும் எதிர்த்தான். "அக்கா, இத எங்கிருந்து கொண்டாந்தீங்க? எந்த ஊரு, எந்த ஸ்டேஷன்னு ஏதாச்சும் இருக்குதா? நம்ம தெரு முக்குல கட்டட வேலைக்கு வந்திருக்கற பசங்க அத்தன பேரும் வடக்கதான். நாளைக்கு அவங்கள யாராச்சும் அடிச்சா நீங்க வந்து நிப்பீங்களா?" என்று கேட்டான். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். என் வயதென்ன, இவன் வயதென்ன, எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்கிறானே என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. ஆனாலும் பதிவை எடுத்துவிட்டேன். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த மே மாதம்தான் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்தது. காரிலிருந்து இறங்கிக் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான அம்மா ஒருவர் செத்துப்போனார். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அதற்கு முன்னால் எங்கள் தெருவைக் காப்பாற்றியது அந்த மண்டிக் கணக்குப் பிள்ளைதான். குழு அன்றைக்குப் பூட்டியிருந்தால் என் பேச்சு மட்டும்தான் அதில் இருந்திருக்கும்.

அட்மின் மட்டும் பேசினால் சண்டை வராது என்பது சரிதான். அட்மினுக்குத் தப்பே வராது என்று யார் உறுதி சொல்வது?

சண்டையால் காரியம் ஆனதும் உண்டு. ஆடி மாதம் சேலத்தில் மாரியம்மன் கோயில் எல்லாவற்றிலும் பண்டிகை. எங்கள் தெருக்கோயிலிலும் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஒரு வருடம் நீட் படிக்கிற பெண்ணின் அம்மா, "பத்து மணிக்கு மேலயும் பாட்டா?" என்று கேட்டார். சாமி காரியத்தில் குற்றம் சொல்லலாமா என்று பெரியவர்கள் எகிறினார்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்துவிட்டது என்று ஒருவர் எடுத்துப் போட்டார். அதற்கு இன்னும் எகிறினார்கள். நான்கு நாள் இழுத்தது. ஐந்தாம் நாள் பூசாரியே வந்து, ஒன்பதரைக்கு நிறுத்திவிடுகிறோம், காலையில் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் போட்டுக்கொள்கிறோம் என்றார். ஆறு மணிக்கு முன் வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னார். சரி என்றார். கூம்பைப் பள்ளிக்கூட மைதானப் பக்கம் திருப்பிக் கட்டினார்கள். அந்தப் பெண்தான் அந்த வருடம் முதல் நாள் கூழ் ஊற்றினாள். இந்தச் சண்டையை அன்றைக்கு நான் பூட்டியிருந்தால் அந்த அம்மா போலீசுக்கு எழுதியிருப்பார், ஜென்மத்துக்கும் பகையாகியிருக்கும்.

உங்கள் வாசகர் ஒரு பயத்தையும் எழுதியிருந்தார். உறுப்பினர் யாரோ ஏதோ போட்டால் அட்மின்தான் கம்பி எண்ண வேண்டும் என்று. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும், அட்மின் என்பதற்காக மட்டும் மற்றவர் போட்ட செய்திக்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று சொல்லியிருக்கின்றன. அட்மினும் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு. பயத்துக்காக யாரும் பூட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. 2022-லிருந்து, யார் போட்ட செய்தியையும் அட்மின் நீக்க முடியும். நான் இதுவரை மூன்று தடவை நீக்கியிருக்கிறேன். ஒன்று, குப்பை எடுக்க வருகிற அம்மாவைச் சாதி சொல்லி எழுதியது. நீக்கியதோடு நிற்காமல் எழுதினவர் வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன். மற்ற இரண்டும் வீட்டுப் பெண்களைப் பற்றியவை. ஒரு இழிசொல்லுக்கு ஒரு செய்தியை நீக்கினால் போதும், 61 வாயைக் கட்ட வேண்டாம். பள்ளிக்கூடம் லீவு அறிவிக்கிற குழு, சங்கத்துச் சந்தா அறிவிக்கிற குழு, இவற்றுக்குப் பூட்டு சரி. அங்கே ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்க வேண்டியதுதான் வேலை. தண்ணீர் எப்போது வருகிறது என்று பள்ளத்து வீட்டுக்காரர் மேட்டு வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய தெருவில் அது ஆகாது.

இப்போது நான் செய்வது இதுதான். யாராவது கோபமாக ஒன்று போட்டால், அவர் சொன்னதை நானே குழுவில் திரும்பக் கேட்கிறேன்: "சார், நீங்க சொல்றது இப்படிங்களா?" என்று. பாதி நேரம் "இல்லீங்க, நான் சொன்னது வேற" என்றுதான் பதில் வருகிறது. ஆங்கில எழுத்தில் தட்டுகிற பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்துப் பலகையும், பேசினால் எழுத்தாக மாறுகிற வசதியும் போனில் எங்கே இருக்கின்றன என்று வீட்டுக்கு வீடு போய்க் காட்டிக்கொடுக்கிறேன். ஏழு பேர் பழகிவிட்டார்கள். சண்டை குறையவில்லை. போன வாரம்கூட நாய்க்குச் சோறு வைக்கிற விஷயத்தில் 60 செய்தி ஓடியது, இன்னும் முடியவில்லை. குழு திறந்தேதான் இருக்கிறது. ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறேன்.

வங்கி சார் இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லை. டிசம்பர் மூன்றாம் தேதி அவர் எழுதினதை அப்படியே, "போடக் கூடாது" என்ற முழுச் சொல்லோடு, குழுவில் போட்டேன். பத்தொன்பது நாள் தாமதமாகப் போடுகிறேன், தப்பு என்னுடையது என்றும் எழுதினேன். அந்தப் பையனும் அப்பாவும் அன்று சாயங்காலமே சார் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். காபி கொடுத்தாராம், நன்றாகத்தான் பேசினாராம். நானும் இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லீங்கம்மா. ஆனா திரும்ப வர மனசு ஒப்பல" என்றார்.

அவர் வீட்டில் இன்னும் லேண்ட்லைன் இருக்கிறது. குழுவில் "வந்தாச்சு" என்று விழுந்ததும், அது ராத்திரி மூன்றரையானாலும், அந்த நம்பருக்கு நான் கூப்பிடுகிறேன். இரண்டாவது மணியில் எடுத்துவிடுவார். "சார், தண்ணி வந்தாச்சுங்க" என்பேன். "சரிங்கம்மா" என்று வைத்துவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
சின்னதிருப்பதி, சேலம்.